விடுவிப்புச் சான்றைத் திருத்த எந்த வழி? தன்பாலீர்ப்புக்காக அமெரிக்கப் படையிலிருந்து அனுப்பப்பட்டோருக்கு ஓர் ஒப்பீடு

தன்பாலீர்ப்பினர் என்பதற்காக அமெரிக்கப் படைகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள், இரண்டாம் உலகப்போர்க் காலம் முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், தன்பாலீர்ப்பை மறைத்துக்கொண்டால் மட்டுமே படையில் இருக்கலாம் என்ற 'கேட்காதே, சொல்லாதே' கொள்கை நடைமுறையில் இருந்த 1994 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் அனுப்பப்பட்டவர்கள். அந்தக் கொள்கையை நீக்கும் சட்டத்தில் 2010 டிசம்பர் 22 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20 அன்று நீக்கம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதுவரை வழங்கப்பட்டிருந்த விடுவிப்புச் சான்றுகள் தாமாக மாறவில்லை. மாற்ற வேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிலைதான் இன்றும் பெரும்பாலும் தொடர்கிறது.

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர், உடன் வேலை செய்யும் ஒருவருக்காகவோ, பக்கத்து வீட்டுப் பெரியவருக்காகவோ, தம் குடும்பத்தில் மருமகனாகவோ மருமகளாகவோ வந்த ஒருவருக்காகவோ இதைப் பற்றிக் கேட்கிறார்கள். வழிகள் பல இருப்பது தெரிகிறது. எதில் தொடங்குவது என்பதில்தான் திகைப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றில் உள்ள வாசகத்தை மாற்றுவது ஒரு வேலை. அந்த வாசகத்தால் மறுக்கப்பட்ட மருத்துவத்தையும் உதவித்தொகையையும் பெறுவது வேறொரு வேலை. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு விதிகளின்படி நடப்பவை. ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றைக் காக்க வைப்பதுதான் இந்த விஷயத்தில் பலரும் இழப்பைச் சந்திக்கும் இடம்.

## சான்றில் எங்கே பார்க்க வேண்டும்

எந்த வழியைத் தேர்வது என்பதைத் தீர்மானிக்கும் தகவல் முழுவதும் 'டிடி 214' என்ற விடுவிப்புச் சான்றில், அந்த ஒரே தாளில் இருக்கிறது. இந்தப் படிவத்தில் இருவகை நகல்கள் உண்டு. சுருக்க நகலில் விடுவிப்பின் தரமும் காரணமும் இருக்காது. ஆகவே முழு நகலைக் கையில் வைத்துக்கொண்டு 24 முதல் 28 வரையுள்ள கட்டங்களைப் பாருங்கள். 24ஆம் கட்டத்தில் சேவையின் தரம் இருக்கும்: கௌரவமான விடுவிப்பு, கௌரவ நிபந்தனைகளின்கீழ் பொது விடுவிப்பு, கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு, தீய நடத்தை விடுவிப்பு, கௌரவக்கேடான விடுவிப்பு, சேர்ந்து ஆறு மாதத்துக்குள் போனவர்களுக்குத் தரம் குறிக்கப்படாத விடுவிப்பு ஆகியவற்றில் ஒன்று. 26ஆம் கட்டத்தில் மூன்றெழுத்துக் குறியீடும், 27இல் மறுபடி சேரத் தகுதி உண்டா என்பதற்கான குறியீடும், 28இல் காரணம் வாக்கியமாகவும் இருக்கும்.

அந்த 28ஆம் கட்டத்தில் 'தன்பாலீர்ப்பு ஒப்புதல்', 'தன்பாலீர்ப்புச் செயல்' என்றே அச்சடித்துக் கொடுத்தார்கள். 24ஆம் கட்டத்தில் கௌரவமான விடுவிப்பு என்று இருந்தாலும், வேலை கேட்டுப் போகும் ஒவ்வொரு இடத்திலும் தம் அந்தரங்கத்தை ஒரு அந்நியர் முன்னால் விரித்து வைக்க வேண்டிய கட்டாயம் இதனால் ஏற்பட்டது. பலர் படையில் இருந்ததையே வெளியில் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தார்கள். ஆகவே கௌரவமான விடுவிப்பு பெற்றவருக்கு இனி என்ன குறை என்று யாரும் கேட்க வேண்டாம்.

கையில் சான்று இல்லையென்றால் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதிப் பெறலாம். கையில் சான்று இருந்தாலும் புதிதாக ஒரு நகல் கேட்டுப் பார்ப்பது நல்லது. பாதுகாப்புத் துறை 2023இல் தொடங்கித் தானாகவே 851 பேரின் கோப்புகளை எடுத்து மறுஆய்வு செய்து, அவர்களில் 96 விழுக்காட்டினருக்கு மேல் நிவாரணம் அளித்ததாக 2024 அக்டோபரில் அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர் தமக்கு ஏற்கெனவே தரம் உயர்ந்துவிட்டதை அறியாமலே இருக்கக்கூடும். ஆனால் அந்த மறுஆய்வு 'கேட்காதே, சொல்லாதே' காலத்து விடுவிப்புகளோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையை அது தொடவில்லை.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன். முதலாவது, தாளில் எது மாறும்: தரமா, காரணமா, இரண்டுமா, அல்லது எதுவுமே இல்லையா. இரண்டாவது, மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் எந்த உதவிகள் திறக்கும். மூன்றாவது, காலக்கெடு உண்டா, முடிவு வர எவ்வளவு நாளாகும். நான்காவது, எவ்வளவு சான்றும் எழுத்தும் வேண்டும். ஐந்தாவது, வெளியில் தெரியாத செலவு என்ன. சான்றைத் திருத்தும் படை வாரியங்களுக்கோ நலத்துறைக்கோ விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்பதால், மறைவான செலவுகள்தான் உண்மையில் கணக்கில் வருகின்றன.

எல்லா வழிக்கும் பொதுவான ஒரு ஆறுதலையும் இங்கேயே சொல்லிவிடலாம். விண்ணப்பித்ததால் இருக்கும் தரம் இன்னும் கீழே இறக்கப்படாது. அந்த அச்சத்தால் தயங்குபவர்கள் நிறைய. அது தேவையற்ற அச்சம்.

## முதல் வழி: கூட்டு வழக்கின் உடன்பாடு

2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஃபாரெல் எதிர் பாதுகாப்புத் துறை என்ற கூட்டு வழக்கு தொடரப்பட்டது. 2025 ஜனவரியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. மார்ச் மாதம் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2011 செப்டம்பருக்கு முன் பாலீர்ப்பின் பேரில் அனுப்பப்பட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இது தொடுகிறது.

கௌரவமான விடுவிப்பு பெற்றும் காரணக் கட்டத்தில் தன்பாலீர்ப்பு எழுதப்பட்டவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை என்பேன். வாரியத்தின் முன் வாதம் எழுதாமல், சாட்சிக் கடிதம் திரட்டாமல், அந்த வாசகம் நீக்கப்பட்ட புதிய சான்றைக் கேட்கலாம். பொது விடுவிப்பு, கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு, தரம் குறிக்கப்படாத விடுவிப்பு ஆகியவற்றில் சென்றவர்களின் கோப்புகளையும் விரைவான மறுஆய்வுக்கு அனுப்ப இது வகை செய்கிறது.

இதன் குறை என்ன? இழப்பீடு ஒரு டாலர்கூடக் கிடையாது. சான்றில் பாலீர்ப்பு என்று வெளிப்படையாக எழுதப்படாமல், 'நடத்தைக் குறைவு', 'சேவைக்குத் தகுதியின்மை' என்று வேறு பெயரில் அனுப்பப்பட்டவர்களுக்கு இதனால் பயன் மிகக் குறைவு. இராணுவ நீதிமன்றத் தண்டனையின் மூலம் வெளியேறியவர்களின் கதை வேறு. இந்த இரு வகையினரும் இங்கே காத்திராமல் கீழேயுள்ள வழிகளுக்குப் போவதே நல்லது.

## இரண்டாம் வழி: விடுவிப்பு மறுஆய்வு வாரியம்

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுஆய்வு வாரியம் உண்டு. கடற்படையின் வாரியமே மரீன் படைக்கும் பொறுப்பு. 'டிடி 293' என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது மூன்று உறுப்பினர்கள் கோப்பைப் பார்ப்பார்கள். தரத்தையும் காரணத்தையும் மாற்றும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு. ஆனால் பொது இராணுவ நீதிமன்றம் (இராணுவ விசாரணை மன்றங்களில் மிக உயர்ந்தது) விதித்த விடுவிப்பை இவர்கள் தொட முடியாது.

முக்கியமான வரம்பு காலம்தான். விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொள்கை நீங்குவதற்கு முந்தைய நாள் அனுப்பப்பட்ட கடைசி வீரருக்கும் 2026 செப்டம்பரோடு இந்தக் கதவு அடைபடுகிறது. 2011இல் சென்றவர் ஒருவரை உங்களுக்குத் தெரியுமென்றால், இந்தக் கட்டுரையை முழுதாகப் படிப்பதற்கு முன் அவருடைய சான்றில் உள்ள தேதியைப் பாருங்கள்.

இந்த வழியின் பெரிய நன்மை, வாய்ப்பு இரண்டு முறை கிடைப்பது. முதலில் கோப்பை மட்டும் பார்க்கும் ஆய்வைக் கேட்கலாம். அது தோற்றால் நேர்முக விசாரணை கேட்கலாம். நேர்முகத்தையே முதலில் கேட்டுவிட்டால் கோப்பு ஆய்வு என்ற வாய்ப்பு போய்விடும். ஆகவே வரிசையை மாற்றிக் கேட்காதீர்கள். இரண்டும் தோற்றாலும் அடுத்த வாரியம் இருக்கிறது. இன்னொன்று: 15 ஆண்டுக்குள் இருப்பவர் இந்த வாரியத்தைத் தாண்டி நேரே அடுத்ததற்குப் போனால், முதலில் இங்கே வந்துவிட்டு வாருங்கள் என்று பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

## மூன்றாம் வழி: படைப் பதிவேடு திருத்த வாரியம்

15 ஆண்டு கடந்தவர்களுக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, உண்மையான வாசல் இதுதான். படிவம் 'டிடி 149'. மூன்று குடிமக்கள் கொண்ட குழு முடிவு செய்யும். தவறு தெரிய வந்த மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி சொன்னாலும், நீதியின் நலன் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. விண்ணப்பத்திலேயே அதற்கான காரணத்தை ஓரிரு வாக்கியத்தில் எழுத வேண்டும். கொள்கை மாறியதையும், தம்மை வெளிப்படுத்திக்கொள்ள இத்தனை காலம் ஏன் முடியவில்லை என்பதையும் எழுதினால் போதும். கடலோரக் காவல் படையினருக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் தனி வாரியம் இருக்கிறது.

இந்த வழியில் கையிலெடுக்க வேண்டிய ஆவணம், 2011 செப்டம்பர் 20 அன்று அப்போதைய பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் கிளிஃபோர்ட் ஸ்டான்லி வாரியங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு மடல். இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் விண்ணப்பத்தை வழக்கமாக ஏற்க வேண்டும் என்கிறது அது. ஒன்று, விடுவிப்பு 'கேட்காதே, சொல்லாதே' அல்லது அதற்கு முன்பிருந்த அதே மாதிரிக் கொள்கையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். இரண்டு, கோப்பில் தவறான நடத்தை போன்ற கடுமையாக்கும் காரணிகள் இருக்கக் கூடாது. ஏற்கப்பட்டால் தரம் 'கௌரவமானது' என்றும், காரணம் 'செயலரின் அதிகாரம்' என்றும், குறியீடு 'ஜேஎஃப்எஃப்' என்றும் மாறும். மறுபடி சேரலாம் என்ற குறியீடும் வரும். முந்தைய கொள்கை நடைமுறையில் இருந்தபோது அதன்படி நடந்தது தவறல்ல என்ற அடிப்படையில், பழைய சம்பளமோ இழந்த பணிக்காலமோ வழக்கமாகத் திருப்பித் தரப்படாது என்றும் அதே மடல் சொல்லிவிடுகிறது. (பிரிட்டன் வேறுவிதமாக நடந்துகொண்டது. 2000 ஜனவரி வரை அங்கே தடை இருந்தது. அதற்காகப் பணியிழந்தவர்களுக்கு ஆளுக்கு 50,000 பவுண்டு வழங்கும் திட்டம் 2024 டிசம்பரில் தொடங்கியது. அமெரிக்கா அப்படி ஒன்றை இன்னும் செய்யவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.)

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். 'கொள்கையை மட்டுமே' என்ற நிபந்தனையும், 'கடுமையாக்கும் காரணிகள்' என்ற சொற்றொடரும் படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகின்றன. ஆனால் கோப்புகள் எழுதப்பட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். அக்கால விதிகளின்படி, வலுக்கட்டாயம், சிறுவர் தொடர்பு, கீழ்நிலையில் உள்ளவருடனான உறவு ஆகியவற்றோடு சேர்த்து, கப்பலிலோ படை விமானத்திலோ நடந்த செயல் என்பதும் கடுமையாக்கும் காரணியாகவே எண்ணப்பட்டது. மாதக்கணக்கில் கப்பலிலேயே வாழ்ந்த மாலுமிகள் இருவர் விருப்பத்துடன் பழகியதும் இப்படித்தான் கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பாக முடிந்தது. 1994க்கு முன்பு, சேரும்போதே நிரப்பும் படிவத்தில் தன்பாலீர்ப்பைப் பற்றிய கேள்வி இருந்தது. பதினெட்டு வயதில் 'இல்லை' என்று எழுதியவர்மீது பின்னாளில் மோசடியாகச் சேர்ந்ததாகக் குற்றம் சுமத்த முடிந்தது. படைப்பிரிவில் சீண்டலும் அடியும் தாங்காமல் சில நாள் முகாமுக்குத் திரும்பாதவர் கோப்பில், விடுப்பின்றி இல்லாமை என்ற பதிவு இருக்கும். ஏன் திரும்பவில்லை என்பது மட்டும் இருக்காது.

இப்படிப்பட்ட கோப்பு உள்ளவர் ஸ்டான்லி மடலை மட்டும் நம்பி ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், 'கடுமையாக்கும் காரணி உண்டு' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அவருக்குப் பாதுகாப்புத் துறையின் வேறு இரண்டு மடல்கள் உதவும். மன உளைச்சல் நோய், மூளைக்காயம், படைக்குள் நேர்ந்த பாலியல் வன்முறை ஆகியவை நடத்தையைப் பாதித்திருந்தால் தாராளமாகக் கருதிப் பார்க்கச் சொல்லும் 2017 ஆகஸ்டின் குர்டா மடல் ஒன்று. நியாயம், அநீதி, கருணை ஆகியவற்றின் பேரில் நிவாரணம் தரலாம் என்றும், பின்னாளில் கொள்கை மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கலாம் என்றும் சொல்லும் 2018 ஜூலையின் வில்கி மடல் மற்றொன்று. எழுத வேண்டிய வாதத்தின் சாரம் இதுதான்: இதே செயலை எதிர்பாலின உறவுள்ள ஒரு வீரர் செய்திருந்தால் இதே தண்டனை கிடைத்திருக்குமா? அதை வெறும் கேள்வியாக விடாமல், பணி மதிப்பீடுகள், பதக்கங்கள், உடன் பணியாற்றியவர் ஒருவரின் கடிதம், மருத்துவக் குறிப்பு என்று தாள்களால் நிறுவ வேண்டும். இந்த வகை விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. தேசிய முன்னாள் படைவீரர் சட்டச் சேவைத் திட்டம் போன்ற அமைப்புகளும், பல சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களும் கட்டணமின்றி வழக்கை எடுக்கின்றன.

கோப்பே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பற்றிய தீயில், 1960க்கு முன் விடுபட்ட தரைப்படையினர், 1964க்கு முன் விடுபட்ட விமானப்படையினர் ஆகியோரின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. எட்வர்ட் ஸ்பையர்ஸ் என்பவரின் வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. விமானப்படையில் மதகுருவின் உதவியாளராக இருந்த அவர், ஒரு ஹாலோவீன் விருந்துக்கு அணிந்து சென்ற உடையைப் பற்றி யாரோ சொன்ன புகாரில் தொடங்கிய விசாரணைக்குப் பின் 1948இல் 'விரும்பத்தகாதவர்' என்ற தரத்தில் அனுப்பப்பட்டார். அவர் திருத்தம் கேட்டபோது கோப்பு தீயில் போயிருக்கும் என்ற பதில் வந்தது. 2016 நவம்பரில் யேல் சட்டக் கல்லூரியின் உதவி மையம் அவருக்காக வழக்குத் தொடுத்தது. 2017 ஜனவரியில், அவருக்கு 91 வயதானபோது, தரம் 'கௌரவமானது' என்று மாற்றப்பட்டது. கோப்பு எரிந்துபோனது விண்ணப்பத்துக்கு முடிவல்ல. ஆனால் குடும்பப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆணைகள், கடிதங்கள், புகைப்படங்கள் எல்லாமே அப்போது சான்றாகும்.

காலம்: 90 விழுக்காடு விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிவு பாதகமானால் புதிய சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம்; அதற்குக் காலக்கெடு இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் போகலாம்.

## நான்காம் வழி: நலத்துறையின் தனி முடிவு

இது சான்றில் ஒரு எழுத்தையும் மாற்றாது. ஆனால் உடம்புக்கு முடியாதவருக்கு இதுவே முதல் வழியாக இருக்க வேண்டும். கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு பெற்றவர் மருத்துவத்துக்கோ ஊன உதவித்தொகைக்கோ விண்ணப்பித்தால், நலத்துறை அவருடைய சேவையைத் தானே மதிப்பிட்டு, தன் உதவிகளுக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கும். படை வாரியத்தின் முடிவுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. பொது விடுவிப்பு பெற்றவருக்கு இந்த மதிப்பீடே தேவையில்லை. அவர் நேரே மருத்துவத்துக்குப் போகலாம். இதை அறியாமல் பல ஆண்டுகள் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் உண்டு.

நலத்துறையின் விதியிலேயே, 'கடுமையாக்கும் சூழ்நிலைகளோடு கூடிய தன்பாலினச் செயல்கள்' உதவி மறுக்க ஒரு காரணமாக நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. 2024 ஏப்ரலில் வெளியிட்ட திருத்தம் அதை நீக்கியது. அது ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மறுக்கப்பட்டவர் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

தாமதத்தின் விலையைச் சொல்ல வேண்டும். ஊன உதவித்தொகை எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதை, நலத்துறைக்கு விண்ணப்பம் வந்த தேதியே பொதுவாகத் தீர்மானிக்கிறது. தரம் உயரட்டும், பிறகு கேட்கலாம் என்று பதினெட்டு மாதம் காத்திருந்தால் அந்தப் பதினெட்டு மாதத் தொகை போய்விடக்கூடும்.

இந்த வழிக்கும் முட்டுச்சுவர்கள் உண்டு. பொது இராணுவ நீதிமன்றத் தண்டனையில் வெளியேறியவர்களுக்கும், 'சேவையின் நலன் கருதி' பதவி விலகிய அதிகாரிகளுக்கும் உதவி வழங்கச் சட்டமே தடை விதிக்கிறது. விசாரணையைத் தவிர்க்க அப்படி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்த தன்பாலீர்ப்பு அதிகாரிகளுக்கு அந்தக் கடிதமே பிற்காலத்தில் தடையாக நிற்கிறது. இந்தச் சட்டத் தடையை விடுவிப்பு மறுஆய்வு வாரியம் தரும் உயர்வு நீக்காது. பதிவேடு திருத்த வாரியம் தரும் உயர்வு நீக்கும். இரண்டு வாரியங்களுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு அதிகம் பேசப்படுவதில்லை. கல்வி உதவியும் இதன் வழியே வராது: அதற்குச் சான்றில் 'கௌரவமானது' என்றே இருக்க வேண்டும், பொது விடுவிப்பும் போதாது.

## ஐந்தாம் வழி: அதிபரின் மன்னிப்பு

2024 ஜூன் 26 அன்று அதிபர் பைடன், இராணுவச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவின்படி, இருவர் விருப்பத்துடன் தனிமையில் நடந்த பாலுறவுச் செயலுக்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார். 1951 மே 31 முதல் 2013 டிசம்பர் 26 வரையிலான தண்டனைகளுக்கு அது பொருந்தும். மன்னிப்புச் சான்றிதழுக்கு அந்தந்தப் படைத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்தாலும் விடுவிப்பின் தரம் தானாக உயராது. அதைக் காட்டிப் பதிவேடு திருத்த வாரியத்தில் உயர்வு கேட்க வேண்டும். ஆக இது முடிவான வழியல்ல, மூன்றாம் வழிக்கு முந்தைய படி. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் நிர்வாக ஆணையால் அனுப்பப்பட்டவர்களுக்குத் தண்டனையே இல்லாததால் மன்னிப்பும் பொருந்தாது.

## மாநிலச் சட்டங்கள்

நியூயார்க் 2019இல் கௌரவ மீட்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. கொலராடோ, ரோட் ஐலண்ட் போன்ற மாநிலங்களும் அவ்வாறே செய்தன. அந்தந்த மாநிலத்தின் சொந்தச் சலுகைகள் மட்டும் இதனால் கிடைக்கும். சான்றும் மாறாது, மத்திய அரசின் உதவியும் வராது. அம்மாநிலத்தில் வசிப்பவர் கூடுதலாகச் செய்துகொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்குப் பொருத்தம் | என்ன மாறும் | எங்கே நின்றுவிடும் |
|---|---|---|---|
| கூட்டு வழக்கு உடன்பாடு | சான்றிலேயே பாலீர்ப்பு எழுதப்பட்டவர்; முக்கியமாகக் கௌரவமான தரம் உள்ளவர் | காரணம், குறியீடு; மறுஆய்வு சாதகமானால் தரமும் | வேறு பெயரில் அனுப்பப்பட்டவருக்குப் பயன் குறைவு |
| விடுவிப்பு மறுஆய்வு வாரியம் (டிடி 293) | 15 ஆண்டுக்குள் இருப்பவர் | தரம், காரணம் | பொது இராணுவ நீதிமன்ற விடுவிப்பு. நலத்துறையின் சட்டத் தடை |
| பதிவேடு திருத்த வாரியம் (டிடி 149) | 15 ஆண்டு கடந்தவர். சிக்கலான கோப்பு உள்ளவர் | தரம், காரணம், குறியீடுகள். சட்டத் தடையும் நீங்கும் | பழைய சம்பளம் வழக்கமாகக் கிடையாது |
| நலத்துறையின் முடிவு | மருத்துவமோ உதவித்தொகையோ உடனே வேண்டியவர் | உதவி பெறும் தகுதி மட்டும் | சான்று மாறாது. கல்வி உதவி இல்லை |
| அதிபரின் மன்னிப்பு | 125ஆம் பிரிவில் தண்டனை பெற்றவர் | தண்டனைக்கு மன்னிப்பு | தரம் உயர வாரியத்துக்குப் போக வேண்டும் |

## விண்ணப்பத்தில் தெரியாத செலவுகள்

வாரியங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்க மறக்கக் கூடாத ஒன்று உண்டு: திருத்தம் 'டிடி 215' என்ற இணைப்புத் தாளாக வர வேண்டாம், புதிய 'டிடி 214' ஆக வேண்டும். இணைப்புத் தாள் வந்தால் பழைய சான்று அப்படியே இருக்கும்; இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது எது திருத்தப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். எதை மறைக்கக் கேட்டோமோ அதையே சுட்டிக் காட்டுவதாக முடியும்.

வாரிய முடிவுகள், பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, இணையத்தில் பொதுமக்கள் படிக்க வைக்கப்படுகின்றன. பெயர் இல்லாவிட்டாலும், படைப்பிரிவையும் ஆண்டையும் நிகழ்ச்சியையும் வைத்து ஆளை அடையாளம் காணக்கூடியவர்கள் இருக்கலாம். ஆகவே தனிப்பட்ட வாக்குமூலத்தில் தேவைக்கு மேல் ஒரு விவரமும் எழுத வேண்டாம். முன்னாள் துணையின் பெயரை நிச்சயமாக எழுத வேண்டாம்.

மனத்தின் செலவும் இருக்கிறது. முழுக் கோப்பை வரவழைத்தால் விசாரணை அதிகாரிகள் எழுதிய குறிப்புகளும் அதில் வரும். நம்பிய நண்பர் கொடுத்த வாக்குமூலமும் வரலாம். நாற்பது ஆண்டுக்குப் பின் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும்படி யாரையும் விட்டுவிடாதீர்கள். கூட இருந்து, முடிந்தால் நீங்கள் முதலில் படித்து, எந்தப் பக்கம் வேண்டும் என்று பிரித்துக் கொடுங்கள்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. படைச் சேவையின் மூலம் குடியுரிமை பெற்றவர், ஐந்தாண்டுச் சேவையை நிறைவு செய்வதற்கு முன் கௌரவத்துக்குக் குறைந்த நிலையில் விடுவிக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையை ரத்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்டவர் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, தரத்தை உயர்த்தும் விண்ணப்பத்தை ஒத்திப் போடாமல் அனுப்ப வேண்டும்.

## யார் எதைத் தேர்வது

கௌரவமான தரமும் 28ஆம் கட்டத்தில் அந்த வாசகமும் இருந்தால் கூட்டு வழக்கின் உடன்பாடு. வேறு எதுவும் தேவைப்படாது. 2011இல் விடுபட்டவர் குறைந்த தரத்தில் இருந்தால், உடன்பாட்டின்கீழ் கேட்டிருந்தாலும்கூட, கெடு முடிவதற்குள் 'டிடி 293' படிவத்தையும் அனுப்பி வைப்பது பாதுகாப்பு. அதற்கு முன் விடுபட்டு, கோப்பில் வேறு குற்றச்சாட்டு இல்லாதவர் ஸ்டான்லி மடலைச் சுட்டிக்காட்டிப் பதிவேடு திருத்த வாரியத்துக்குத் தாமே எழுதலாம். இரண்டு பக்கம் போதும். கோப்பில் குற்றச்சாட்டு இருந்தால் அதே வாரியம், ஆனால் வழக்கறிஞரோடு. தண்டனை பெற்றவர் மன்னிப்புச் சான்றிதழில் தொடங்க வேண்டும். இவர்களில் யாருக்கும், தரம் கௌரவமானதாக இல்லாமல் உடல்நலமோ வருமானமோ நெருக்கடியில் இருந்தால், நலத்துறை விண்ணப்பம் அன்றைக்கே போக வேண்டும். வாரிய விண்ணப்பம் அதன் பின்னாலேயே போகலாம்.

வீரர் இறந்துவிட்டிருந்தாலும் வழி அடைபடவில்லை. வாழ்க்கைத்துணை, அடுத்த உறவினர், சட்டப் பிரதிநிதி ஆகியோர் இரு வாரியங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். மறுஆய்வு வாரியத்தின் 15 ஆண்டுக் கெடு அவர்களுக்கும் பொருந்தும் என்பதால் பழைய தலைமுறையின் குடும்பங்களுக்குப் பதிவேடு திருத்த வாரியமே மிச்சம். இறப்புச் சான்றிதழையும் உறவை நிறுவும் திருமணச் சான்றையோ பிறப்புச் சான்றையோ இணைக்க வேண்டும். தரம் உயர்ந்தால் தேசியக் கல்லறையில் அடக்கம், அரசு தரும் கல்லறைக்கல், வாழ்க்கைத்துணைக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்கான தகுதி புதிதாகப் பரிசீலிக்கப்படும். அதற்கு நலத்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வாரியத்தின் முடிவுக் கடிதத்தை அதோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.